ஊர்க் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் புதுக் கிணறு வெட்டலாமா?

கல்லூரியில் படிக்கும் பையன். வீட்டில் ஒரு லேப்டாப். அதில் ஓடுவது லினக்ஸ்; டெபியன் 11 என்ற ரகம். அக்காவின் தேர்வுப் பாடங்கள், அப்பாவின் கடைக் கணக்கு, பாட்டியின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் யாவும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பையன் ஒரு புதிய புரோகிராமை இண்டர்நெட்டிலிருந்து இறக்குகிறான். அது ஓட மறுக்கிறது. 'ஜிலிப்சி 2.34 காணவில்லை' என்று ஒரு வரி திரையில் வருகிறது.

"காணவில்லையா? கொண்டுவந்து வைத்தால் போகிறது!" என்று நினைக்கிறான் பையன்.

எங்கிருந்தோ புதிய ஜிலிப்சியைத் தேடிப் பிடிக்கிறான். பழைய கோப்பு இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது. அதற்கு வேறு பெயர் கொடுத்து ஒதுக்குகிறான். இனிப் புதியதை அந்த இடத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. கட்டளையைத் தட்டுகிறான்.

கம்ப்யூட்டர் அசையவில்லை!

கோப்புகளின் பட்டியலைக் கேட்கிறான். வரவில்லை. நகல் எடுக்கச் சொல்கிறான். எடுக்கவில்லை. "சரி, பழையதையே திருப்பி வைத்துவிடலாம்" என்று பெயரை மாற்றப் பார்க்கிறான். அதுவும் நடக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்பு நடந்த அதே வேலை, இப்போது நடக்கவில்லை!

இரவு கடையை அடைத்துவிட்டு அப்பா வருவார். கணக்குப் பார்க்க வேண்டும் என்பார்.

இது யாரோ ஒரு பையனுக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. லினக்ஸ் பழகுகிற எத்தனையோ பேர் இதே குழியில் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

ஜிலிப்சி என்பது என்ன?

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி வைத்ததுதான் லினக்ஸ். அவர் எழுதியது 'கெர்னல்' எனப்படும் கரு. கரு மட்டும் இருந்தால் கம்ப்யூட்டரில் வேலை நடக்காது. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு புரோகிராம்கள் வேண்டும். அவற்றைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துத் தருவார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் பேக்கேஜ் என்று பெயர். இப்படிச் சேர்த்துத் தரும் ரகங்களில் ஒன்றுதான் 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ்கூட டெபியன் வயிற்றுப் பிள்ளைதான்.

இந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. சீட்டாட்டப் புரோகிராமை எடுத்துவிட்டால் சீட்டாட்டம் போகும், அவ்வளவுதான். ஆனால் சில பேக்கேஜ்கள் இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. அவற்றில் தலையானது ஜிலிப்சி.

ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், நினைவகத்தில் இடம் கேட்க வேண்டும், மணி என்ன என்று பார்க்க வேண்டும், திரையில் ஓர் எழுத்தைக் காட்ட வேண்டும். இவை எல்லாப் புரோகிராம்களுக்கும் வேண்டிய வேலைகள். ஒவ்வொன்றும் தனித்தனியே இந்த வேலைகளுக்கான எழுத்தைச் சுமந்து வந்தால் இடம் வீண். ஆகவே ஒரே இடத்தில் பொதுவாக எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டும்போது எல்லாப் புரோகிராம்களும் அங்கே வந்து மொண்டுகொள்ள வேண்டியது.

ஊருக்குப் பொதுக் கிணறு இருப்பதைப் போல!

இப்போது பையன் செய்தது விளங்குகிறது அல்லவா? ஊர்க் கிணற்றை முதலில் மூடிவிட்டான். பிறகு புதுக் கிணறு வெட்ட ஆட்களைக் கூப்பிட்டான். அந்த ஆட்களும் குடிக்க வேண்டியது அதே கிணற்றுத் தண்ணீர்தான்! பட்டியல் போடும் கட்டளை, நகல் எடுக்கும் கட்டளை, பெயர் மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் ஒரு புரோகிராம். ஒவ்வொன்றுக்கும் ஜிலிப்சி வேண்டும். நிர்வாகி அதிகாரம் வாங்கித் தரும் 'சூடோ'வுக்கும் வேண்டும்.

தொடாமலே இருந்துவிட்டால் என்ன?

"ஓடுகிற வண்டியை எதற்காகப் பிரிக்க வேண்டும்? பழைய ஜிலிப்சியே ஆயுசுக்கும் இருக்கட்டுமே!" என்று சிலர் சொல்வார்கள். பயந்தவர்கள் சொல்லும் பேச்சு இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அந்த ஆண்டு ஜனவரி மாதம் குவாலிஸ் என்ற கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ஜிலிப்சிக்குள் ஓர் ஓட்டை இருப்பதை உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு 'கோஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். கோஸ்ட் என்றால் பேய். கம்ப்யூட்டரின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடித் தரும் பகுதியில் இந்தப் பேய் குடியிருந்தது. அந்தப் பகுதிக்குத் தந்திரமாக ஒரு பெயரைக் கொடுத்தால், எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்நியன் உங்கள் கம்ப்யூட்டரைத் தன் வசமாக்கலாம். அஞ்சல் சர்வர் ஒன்றுக்கு ஓர் ஈமெயில் அனுப்பியே அதற்குள் புகுந்துவிட முடியும் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்தார்கள்.

இந்த ஓட்டை ஜிலிப்சிக்குள் எப்போது வந்தது தெரியுமா? 2000ஆம் ஆண்டு நவம்பரில்! பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது உள்ளேயே இருந்திருக்கிறது. அதைவிட வேடிக்கை, 2013இலேயே அது அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது பெரிய அபாயம் என்று யாரும் உணரவில்லை. ஏதோ சில்லறைப் பிழை என்று அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே பழைய ஜிலிப்சியையே வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ சர்வர்கள் 2015 வரையில் திறந்த வீடாகவே கிடந்தன. அறிவிப்பு வந்த பிறகுதான் ஊரெங்கும் ஜிலிப்சியை மாற்றும் வேலை மும்முரமாக நடந்தது.

ஆக, மாற்றத்தான் வேண்டும். தொடாதே என்கிற பயந்தாங்கொள்ளிப் பேச்சும் உதவாது. பிடுங்கி எறி என்கிற முரட்டு வேகமும் உதவாது. எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி.

பேக்கேஜ் மேலாளரின் கைத்திறன்

அந்த வேலைக்கென்றே லினக்ஸில் ஓர் ஆள் இருக்கிறது. பேக்கேஜ் மேலாளர் என்று பெயர். டெபியனில் 'ஆப்ட்' என்ற கட்டளை மேஸ்திரி. அதன் கீழே 'டிபிகேஜி' கொத்தனார். இந்தக் கொத்தனார் ஜிலிப்சியை மாற்றுவதைக் கூர்ந்து கவனித்தால் பையன் செய்த தப்பு எது என்பது தெளிவாகத் தெரியும்.

டிபிகேஜி பழையதைத் தொடுவதே இல்லை. முதலில் புதிய கோப்பை, பழையதன் பக்கத்திலேயே, பெயருக்குப் பின்னால் ஒரு வால் சேர்த்து வைக்கிறது. முழுவதும் எழுதி முடித்து வட்டில் பதிந்தாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்கிறது. பிறகுதான் கெர்னலிடம் சொல்கிறது: "இந்தப் புதுக் கோப்புக்கு அந்தப் பழைய பெயரைக் கொடு!" கெர்னல் அதை ஒரே கணத்தில் செய்துவிடுகிறது. அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்கிற நிலைமை கண் சிமிட்டும் நேரத்துக்குக்கூட ஏற்படுவதில்லை. ஒரு கணம் முன்பு வந்தவனுக்குப் பழைய கிணறு. அடுத்த கணம் வந்தவனுக்குப் புதுக் கிணறு. தண்ணீர் இல்லை என்று திரும்பியவன் யாரும் இல்லை.

அப்படியானால் பழைய கிணற்றில் மொண்டுகொண்டிருந்தவர்கள் கதி? அவர்களுக்கும் ஆபத்து இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் பழைய கோப்பைக் கையில் பிடித்தபடியே இருக்கும். பெயர் போனாலும் உள்ளே இருப்பது போகாது. அவை வேலையை முடித்து வெளியேறிய பிறகுதான் பழையது நிஜமாகவே மறைகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலர் பெயர் மாற்றாமல், பழைய கோப்பின் மேலேயே புதியதை நகல் எடுத்துப் போடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அது, பெண்கள் கயிற்றை இறக்கித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து மண்ணைக் கொட்டுகிற காரியம்! ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் அப்படியே சாய்ந்துவிடும்.

மாற்றிய பிறகும் ஒரு வேலை பாக்கி. பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம்களை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். ஜிலிப்சியை மாற்றும்போது, "இன்னின்ன சேவைகளை மறுபடி தொடங்கட்டுமா?" என்று டெபியன் கேட்பதுண்டு. அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. புது ஜிலிப்சி வட்டில் இருக்கும். பழைய ஓட்டை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதில் யோசனையே வேண்டாம். ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டால் போதும்.

'ஆம், நான் சொல்கிறபடி செய்!'

மேலாளர் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் கூடாது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் உலகமே பார்த்த ஒரு வேடிக்கை இதற்குச் சாட்சி.

கனடா நாட்டில் லைனஸ் செபாஸ்டியன் என்பவர் கம்ப்யூட்டர் விஷயங்களைப் பற்றி வீடியோ போடுவதில் பேர்பெற்றவர். (லினக்ஸைத் தொடங்கிய லைனஸ் வேறு, இவர் வேறு.) வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா என்று பார்க்கப் புகுந்தார். 'பாப் ஓஎஸ்' என்ற ரகத்தைப் போட்டுக்கொண்டார். விளையாட்டுகளை வாங்க உதவும் 'ஸ்டீம்' என்ற புரோகிராமை நிறுவச் சொன்னார். அந்தச் சமயம் பேக்கேஜ்களின் பதிப்புகளுக்குள் ஒரு பொருத்தக் குறை இருந்தது. ஆகவே ஆப்ட் ஒரு விபரீதமான வழியைக் கண்டுபிடித்தது. "ஸ்டீம் வேண்டுமா? அப்படியானால் திரையும் ஜன்னல்களும் காட்டும் டெஸ்க்டாப் பேக்கேஜ்களை நீக்க வேண்டும்" என்று நீண்ட பட்டியலைக் காட்டியது. இது தீங்காக முடியலாம் என்றும் எச்சரித்தது. தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்கிறபடி செய்!' என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் தட்டு என்றது.

அவர் தட்டினார். சொன்னபடி செய்தது! டெஸ்க்டாப் மறைந்தது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் மிச்சம்.

வீடியோ வெளிவந்ததும் ஊர் இரண்டு பட்டது. "எச்சரிக்கை போட்டிருந்தது. படிக்காமல் தட்டினால் யார் குற்றம்?" என்றது ஒரு கட்சி. இந்தக் கட்சியின் பேச்சில் பாதிதான் நியாயம். படித்திருக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் நூறு பெயர்களுக்கு நடுவில், நிபுணருக்கு மட்டுமே விளங்குகிற பாஷையில் ஓர் எச்சரிக்கையை எழுதி வைத்துவிட்டு, 'நான்தான் சொன்னேனே' என்று கையைக் கழுவலாமா? மின்சாரக் கம்பத்தில் மண்டை ஓடும் எலும்பும் வரைந்திருப்பது எதற்காக? எழுத்துத் தெரியாதவனும் விலகிப் போகட்டும் என்றுதானே!

ஆப்ட்டை உருவாக்குகிறவர்கள் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அத்தியாவசியப் பேக்கேஜ்களை அவ்வளவு எளிதில் நீக்க முடியாதபடி ஆப்ட்டைக் கடினமாக்கினார்கள். தமிழில் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பாடுபடுகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். பொத்தான்களில் தமிழ் எழுதுவது நல்ல காரியம். அபாய அறிவிப்பைத் தமிழில், பள்ளிப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதுவது அதைவிட முந்திச் செய்ய வேண்டிய காரியம்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக் கூடியது என்ன? நாடகத்துக்கு ஒத்திகை உண்டு. ஆப்ட்டுக்கும் ஒத்திகை உண்டு. கட்டளையோடு ஒரு சிறு கோடும் 'எஸ்' என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டினால், ஆப்ட் எதையும் தொடாது. என்னென்ன செய்யப்போகிறது என்று சொல்லிக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதில் 'நீக்கப்படும்' என்ற பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும். ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் பத்தை நீக்குகிறேன் என்கிறதா? அங்கேயே நிறுத்திவிட வேண்டியது. நாலு நாள் பொறுத்தால் பொருத்தக் குறை தானே சரியாகிவிடுவதும் உண்டு.

பையன் என்ன செய்திருக்கலாம்?

ஜிலிப்சி 2.34 வெளிவந்தது 2021 ஆகஸ்டில். பையனின் டெபியன் 11இல் இருப்பது 2.31. பழைய ஜிலிப்சிக்காகக் கட்டிய புரோகிராம் புது ஜிலிப்சியில் ஓடும். புதியதற்காகக் கட்டியது பழையதில் ஓடாது. தகராறு இவ்வளவுதான்.

இதற்கு ஜிலிப்சியை மட்டும் தனியே பிடுங்கி நடத் தேவையே இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 2.36 இருக்கிறது. முழு லினக்ஸையும் முறைப்படி 11இலிருந்து 12க்கு ஏற்றினால் ஜிலிப்சியும் கூடவே ஏறும். அதைச் சார்ந்த எல்லாமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஏறும். படிகளைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 11க்குப் பிறகு 12, 12க்குப் பிறகு 13. இறங்குவதற்குப் படி கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலே ஏற்றிய பேக்கேஜைக் கீழே இறக்குவதற்கு டெபியன் உத்தரவாதம் தருவதில்லை. புது டெபியனிலிருந்து ஒரு பேக்கேஜ், பழைய டெபியனில் மீதி என்று ஒட்டுப்போடுவதை டெபியன்காரர்களே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

ஏற்றுவதற்கு நேரம் இல்லையா? 'பிளாட்பேக்' என்ற முறையில் அந்தப் புரோகிராம் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அந்த முறையில் வருகிற புரோகிராம் ஊர்க் கிணற்றை எதிர்பார்க்காது; தனக்கு வேண்டிய தண்ணீரைக் குடத்தில் கொண்டுவரும். இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். பிடிக்கட்டுமே!

எதைச் செய்வதானாலும் முன்னதாகப் போட்டோக்களையும் கணக்குகளையும் வேறொரு வட்டில் நகல் எடுத்துவிட வேண்டும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பாதிக் கிணறுதான் மிஞ்சும். எங்கோ இருக்கும் சர்வரில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு ஜாக்கிரதை அவசியம். ஒரு ஜன்னல் வழியே வேலை செய்தால், நிர்வாகி அதிகாரத்தோடு இன்னொரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து, புதிதாக உள்ளே நுழைய முடிகிறது என்று பார்த்த பிறகுதான் பழைய ஜன்னலைச் சாத்தலாம்.

கருவாகிய கெர்னலை மாற்றுவதில் இந்தப் பயமே இல்லை. டெபியன் புதுக் கெர்னலைப் பழையதன் பக்கத்திலேயே வைக்கிறது. புதியது எழுந்திருக்கவில்லை என்றால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கையில் இருக்கிற ஆண்ட்ராய்ட் போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான். 2016இல் வந்த ஆண்ட்ராய்ட் 7 தொடங்கி, அதற்கென அமைக்கப்பட்ட போன்களில் இரண்டு அறைகள் வைத்தார்கள். ஓர் அறையில் குடித்தனம் நடக்கும்போதே அடுத்த அறையில் புதியதை அடுக்கி வைப்பது. அது சரியாக எழுந்தால் அங்கே குடிபோவது. இல்லாவிட்டால் பழைய அறைக்கே திரும்புவது. பாட்டிகூடப் பயமில்லாமல் போனைப் புதுப்பிக்கிறாள் என்றால் அந்த இரண்டாவது அறைதான் காரணம். அதே வசதி ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரிலும் முதலிலிருந்தே அமைந்து வர வேண்டும். சில லினக்ஸ் ரகங்களில் வந்தும்விட்டது. ஓப்பன்சூசே என்ற ரகம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் வட்டின் நிலையைப் படம் பிடித்ததுபோல் பதிந்து வைத்துக்கொண்டு, வேண்டுமானால் பழைய நிலைக்கே திரும்ப வழி செய்கிறது.

அப்பா வருவதற்குள்

சரி, பையனின் லேப்டாப் என்ன ஆவது?

முதலாவது, அவன் திறந்து வைத்திருக்கும் கறுப்பு ஜன்னலை மூடக் கூடாது. அது முன்பே தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்ட ஆள். இன்னும் உயிரோடு இருக்கிறது. அது நிர்வாகி அதிகாரத்தோடு திறந்த ஜன்னலாக இருந்தால், பழைய கோப்பு இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்று சொல்லி, அதையே பயன்படுத்தும்படி பெயர் மாற்றும் கட்டளைக்கு வழிகாட்ட முடியும். 'பிஸிபாக்ஸ்' என்ற சிறு கருவிப் பெட்டியின் தனித்து இயங்கும் ரகம் முன்பே போட்டிருந்தால் இன்னும் சுலபம். புரூஸ் பெரன்ஸ் 1995இல் டெபியனின் மீட்பு பிளாப்பிக்காக எழுதியது அது. தனித்து இயங்கும் ரகத்துக்குச் சொந்தக் கிணறு உண்டு. ஊர்க் கிணறு வற்றினாலும் அதற்குக் கவலை இல்லை.

இரண்டும் இல்லையா? பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவில் 'லைவ்' லினக்ஸை எழுதிக்கொண்டு வர வேண்டும். லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவிலிருந்து எழுப்ப வேண்டும். இப்போது ஓடுவது பென் டிரைவில் உள்ள லினக்ஸ். அதற்குத் தன் தண்ணீர் உண்டு. அங்கிருந்தபடியே லேப்டாப்பின் வட்டைத் திறந்து, ஒதுக்கி வைத்த பழைய கோப்புக்கு அதன் சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி எழுப்பினால் வீட்டு லினக்ஸ் எழுந்து நிற்கும். பிறகு ஆப்ட்டைக் கூப்பிட்டு, ஜிலிப்சிப் பேக்கேஜை மறுபடி ஒழுங்காக நிறுவச் சொல்லிவிட வேண்டும்.

போட்டோக்களுக்கும் கணக்குகளுக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. பையன் ஒதுக்கியது கிணற்றைத்தான். வீடுகளை அவன் தொடவில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல், பதறிப்போய் வட்டையே அழித்து லினக்ஸைப் புதிதாகப் போட்டு, அப்போதுதான் எல்லாவற்றையும் நிஜமாகவே பறிகொடுக்கிறவர்கள் உண்டு.

அப்பா வந்து கணக்கைப் பார்க்கலாம். அந்தப் புதிய புரோகிராம்தான் இன்னும் ஓடவில்லை. லேப்டாப் டெபியன் 12க்கு ஏறும் வரை அது காத்திருக்க வேண்டியதுதான்.